வாய்தாவும் வராதவரும்

பிறந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்கள் பலவகை. கல்யாணப் பத்திரிகை வரும். குலதெய்வத்தின் கோயில் கும்பாபிஷேக அழைப்பு வரும். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடமிருந்து விளைச்சல் கணக்கு வரும். இவற்றையெல்லாம் ஆவலோடு பிரித்துப் படிக்கும் நாம், ஒரே ஒரு வகைத் தபாலை மட்டும் கையில் வாங்கவே தயங்குகிறோம். நீதிமன்ற முத்திரையைத் தாங்கிப் பதிவுத் தபாலில் வரும் சம்மன்தான் அது. அதனை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, 'அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுவோர் நம்முள் பலர். அத்தகையோருக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் அன்பர் ஒருவர், தலைநகரில் 30 ஆண்டுகளாக உத்தியோகம் பார்த்து வருபவர். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது. அந்த வீடு முழுவதும் தமக்கே உரியது என்று அவருடைய சிற்றப்பா மகன் வழக்குத் தொடுத்தார். பழைய குடும்ப ஏற்பாடு ஒன்றில் அன்பரின் தந்தையார் தம் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது வாதியின் கட்சி. ஆனால் தந்தையார் தம் இறுதிக்காலம்வரை அவ்வீட்டுக்குச் செலுத்திய வரி ரசீதுகளும், அவ்வீட்டை 'நம் இருவர் வீடு' என்று குறிப்பிட்டுச் சிற்றப்பாவே எழுதிய கடிதங்களும் அன்பரிடம் இருந்தன. தில்லியில், கட்டிலுக்கு அடியில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அங்கே இருந்து என்ன பயன்? நீதிபதியின் கண்ணில் அவை ஒருநாளும் படவில்லை.

அன்பர் சம்மனை வாங்கினார், வக்காலத்தில் கையெழுத்திட்டு ஊரில் உள்ள வக்கீலுக்கு அனுப்பினார், எதிர்வழக்குரையும் தாக்கலாயிற்று. அதன்பின் அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். விசாரணை தொடங்கியது. முதல் வாய்தாவுக்கு அவர் போகவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போகவில்லை. நான்காம் முறை வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருந்தார். அவருடைய குமாஸ்தா மட்டும் வந்து வாய்தா கேட்டார். நீதிபதி மறுத்துவிட்டு, ஒருதலைப்பட்சமாக விசாரித்து டிக்ரி வழங்கினார். எட்டு மாதங்கள் கழித்து வீட்டுவரிப் பதிவேட்டில் பெயர் மாறிய செய்தி காதில் விழுந்தபோதுதான் அன்பருக்கு விஷயமே தெரிந்தது.

"மூன்று வாய்தா கிடைத்ததே, நான்காவதும் கிடைக்கும் என்று நம்பினேன், ஐயா. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருப்பவன் ஒவ்வொரு முறையும் எப்படி வந்து நிற்பது? இதைக் கோர்ட்டு எண்ணிப் பார்க்க வேண்டாமா?" என்று அவர் நம்மிடம் வருந்திக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு நம் நாட்டு நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக விடை சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. அவ்விடை இன்னதென்று அறிந்திருந்தால் அன்பருக்கு இந்த நிலை நேர்ந்திராது.

சட்டம் வகுத்த வழி

சொத்து, கடன், குத்தகை முதலிய உரிமை வழக்குகளுக்கெல்லாம் நடைமுறை வகுத்திருப்பது 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம். அதன் 9ஆம் கட்டளை, வழக்குக்கு அழைக்கப்பட்ட நாளில் கட்சிக்காரர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூறுகிறது. இருதரப்பாரும் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். வாதி வராமல் பிரதிவாதி மட்டும் வந்து, கோரிக்கையையும் ஒப்புக்கொள்ளாவிட்டால், வழக்குத் தள்ளுபடியாகும். அதே காரணத்துக்காக வாதி புதிய வழக்குத் தொடுக்கவும் இயலாது. பிரதிவாதி வராவிட்டால், வாதியின் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யலாம். இதனையே 'எக்ஸ்பார்ட்டி' என்று கோர்ட்டு வட்டாரத்தில் சொல்லுகிறார்கள்.

17ஆம் கட்டளை வாய்தாவைப் பற்றியது. விசாரணையின்போது ஒரு கட்சிக்காரருக்கு மூன்று முறைக்குமேல் வாய்தா அளிக்கலாகாது என்னும் வரம்பு 2002 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்தா கொடுக்கும்போது காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதனால் மறுதரப்புக்கு நேரும் செலவைப் பற்றியும் உத்தரவிட வேண்டும். வக்கீல் வேறொரு கோர்ட்டில் வேலையாக இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று அக்கட்டளையே வெளிப்படையாகக் கூறுகிறது. நம் அன்பரின் குமாஸ்தா சொன்ன காரணமோ அதுவேதான்!

உதயபுரியில் நடந்தது

இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்று அஞ்சவேண்டா. வராதவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று என்பதை உச்ச நீதிமன்றம் 1955ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது. அந்த வழக்கின் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடம்.

ராஜஸ்தானத்தில் தேர்தலில் வெற்றிபெற்ற சங்கிராம் சிங் என்பவர்மீது தேர்தல் மனு ஒன்று தாக்கலாகியிருந்தது. கோட்டாவில் தொடங்கிய விசாரணை உதயபுரியில் தொடரும் என்று தீர்ப்பாயம் முன்கூட்டியே அறிவித்தது. 1953 மார்ச் 17ஆம் தேதி வழக்கு அழைக்கப்பட்டபோது சங்கிராம் சிங்கும் வரவில்லை. அவர் அமர்த்தியிருந்த மூன்று வக்கீல்களில் ஒருவரும் வரவில்லை. பிற்பகல் 1.15 மணிவரை காத்திருந்த தீர்ப்பாயம், பிறகு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கத் தொடங்கியது. 20ஆம் தேதி அவருடைய வக்கீல் ஒருவர் வந்துசேர்ந்தார். 'விசாரணை எக்ஸ்பார்ட்டியாக நடைபெறுகிறது. நீர் கலந்துகொள்ள இயலாது' என்று அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி விவியன் போஸ், நடைமுறைச் சட்டம் என்பது நீதி வழங்குவதற்குத் துணைசெய்யும் கருவியே தவிர, மக்களை இடறி விழச்செய்யும் கண்ணியன்று என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஒருநாள் வராமற்போனவர் மறுநாள் வந்தால், அந்த நிலையிலிருந்து வழக்கில் கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் இல்லாதபோது நடந்து முடிந்தவற்றைத் திரும்பப் புதிதாக நடத்தச் சொல்ல வேண்டுமானால், வராததற்குத் தக்க காரணம் காட்டவேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

நேயர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்பார்ட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோர் உண்டு. முடிந்துவிடவில்லை. எவ்வளவு விரைவில் போய் நிற்கிறோமோ அவ்வளவு மிஞ்சும்.

ஆயினும் விரைவு வேண்டும். 1963 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பொன்றில், நம் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் அந்த எல்லைக்கோட்டை வரைந்து காட்டினார். விசாரணை முற்றும் முடிந்து, தீர்ப்புச் சொல்வது ஒன்றே எஞ்சியிருக்கும் நிலையில், 'வராததற்குக் காரணம் காட்டுகிறேன், என்னையும் கேளுங்கள்' என்று நடுவில் புகுவதற்கு இடமில்லை. டிக்ரி ஆனபிறகு அதனை நீக்கக் கோரும் வழி ஒன்றுதான் அதன்பின் உண்டு.

வக்கீல் மேல் பழி

'வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டோம், அவர் வராததற்கு நாம் என்ன செய்வோம்?' என்பது அடுத்த கேள்வி. இதற்கு உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விடைகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் கிராமவாசி ஒருவரின் மேல்முறையீடு விசாரணைக்கு வந்த நாளில் அவருடைய வக்கீல் வரவில்லை; மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. 1981இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டுக் கொடுத்தது. தன்னால் இயன்றதையெல்லாம் செய்து, பொருள் கொடுத்து, வக்கீலை நம்பிவிட்டுச் சென்ற ஒரு நாட்டுப்புறத்தான், அந்த வக்கீலின் தவறுக்காகத் துன்புறலாகாது என்பது நீதிபதி டி.ஏ. தேசாய் கண்ட நியாயம். வழக்குச் செலவையும் வராத வக்கீலிடமிருந்தே வசூலிக்கச் செய்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1993இல், கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கொன்றில் இதே நியாயத்தை ஒரு கம்பெனியார் எடுத்துக்காட்டினர். வீட்டைக் காலிசெய்யக் கோரும் வழக்கு அது. 'வரவேண்டியதில்லை என்று எங்கள் வக்கீல்தான் சொன்னார்' என்றார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே நகரத்தில் இருப்பவர்கள், படித்தவர்கள், வியாபாரம் நடத்துபவர்கள், தங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாத கிராமவாசிகள்போல் பேசலாகாது. வக்கீலின் தவறு எப்போதும் கட்சிக்காரரைக் காக்கும் என்று பொதுவிதி எதுவும் இல்லை என்று கூறிவிட்டது.

இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே நாம் எங்கே நிற்கிறோம்? தூரத்தில் இருக்கிறோம் என்பது மெய். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தொலைபேசி கையிலே உள்ளவர்கள். அலுவலகத்துக் கோப்புகளைத் தேதி தவறாமல் நகர்த்துபவர்கள். ஆகவே கிராமவாசிக்குக் கிடைத்த சலுகை நமக்கும் கிடைக்கும் என்று எண்ணி உறங்குவது அறிவுடைமை ஆகாது.

மூன்றுக்கு மேல் உண்டா?

மூன்று வாய்தா என்ற வரம்பு எதிர்க்க முடியாத இரும்பு வேலியா? சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. வரம்பு செல்லும், ஆனால் கட்சிக்காரரின் கைக்கு அடங்காத பேரிடர் நேரும்போது நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டுவிடாது என்றது. எத்தகைய பேரிடர்? போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், ஆழிப்பேரலை ஆகியவற்றை அத்தீர்ப்பு உதாரணமாகக் காட்டுகிறது. இவற்றைக் கண்டபின், 'லீவு கிடைக்கவில்லை', 'ரயிலில் இடம் கிடைக்கவில்லை' என்னும் நம் காரணங்கள் எவ்வளவு சிறியவை என்பது விளங்கும்.

2011இல் நீதிபதி ஆர்.எம். லோதா வழங்கிய தீர்ப்பு இன்னும் நேரடியானது. பணம் வரவேண்டும் என்று வழக்குப் போட்ட கம்பெனி, சாட்சியம் அளிக்க மூன்று வாய்ப்புகள் பெற்றும் ஒரு சாட்சியையும் கொண்டுவரவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று. பெருந்தொகை அடங்கிய வழக்காயிற்றே என்று இரக்கப்பட்டு உயர் நீதிமன்றம் மீண்டும் வாய்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதனை ரத்துசெய்து, தொகை பெரிதானால் அதற்கேற்ற விழிப்பும் கட்சிக்காரருக்கு வேண்டாமா என்று வினவியது. கட்சிக்காரர், சாட்சி, வக்கீல் ஆகியோருக்குத் திடீரென நேரும் நோய், குடும்பத்தில் மரணம், விபத்து, இயற்கைச் சீற்றம் ஆகியவை தக்க காரணங்கள். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, வக்கீல்களின் வேலைநிறுத்தம், வக்கீலை மாற்றுதல் ஆகியவை தக்க காரணங்கள் அல்ல என்றும் அத்தீர்ப்பு வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறது. 2021இல் மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றிலும், குறுக்கு விசாரணைக்குத் திரும்பத் திரும்ப வாய்தா கேட்ட பிரதிவாதிக்கு உச்ச நீதிமன்றம் இரங்க மறுத்து, வாய்தா கேட்பதே வழக்கமாகிவிட்ட நிலையைக் கடிந்துகொண்டது.

இக்கண்டிப்பை நாம் குறைகூற முடியுமா? ஒரு வழக்கில் வாய்தா வாங்குவோராக இருக்கும் நாம், மற்றொரு வழக்கில் வாய்தாவினால் வாடுவோராகவும் இருக்கலாம். ஊரில் குத்தகைப் பாக்கிக்கு வழக்குப் போட்டுவிட்டு, எதிராளி வராமல் வராமல் இழுத்தடிக்கக் கண்டு நொந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு. இருபுறமும் வெட்டும் வாள் இது.

தபாலைத் திருப்பினால்

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், பதிவுத் தபாலை வாங்காமலே திருப்பிவிடுகிறார்கள். 'வாங்கினால்தானே சம்மன்? வாங்காவிட்டால் எனக்குத் தெரியாது' என்பது அவர்கள் கணக்கு. கணக்குத் தவறு. சரியான முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபாலை மறுத்துத் திருப்பினால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம். தில்லியில் நடந்த திருமண வழக்கொன்றில், ஒருதலைப்பட்சமான டிக்ரியை நான்காண்டுகள் கழித்து நீக்கக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்காததற்கு, நோட்டீசு மறுக்கப்பட்டுத் திரும்பியதும் ஒரு காரணம். அன்றியும், சம்மன் சேர்ப்பித்த முறையில் சிறு குறை இருந்தாலும், வழக்கு நாளை அறிந்து, வருவதற்குப் போதிய அவகாசமும் பெற்றிருந்தவருக்கு அக்குறை உதவாது என்பது 1976 முதல் சட்டத்திலேயே உள்ள விதி.

தூரம் ஒரு காரணமா?

நம் அன்பரின் கேள்விக்கு வருவோம். ஆயிரத்தைந்நூறு மைல் தூரத்தை நீதிமன்றம் எண்ணிப் பார்க்கவேண்டாமா? எண்ணிப் பார்க்கிறது, ஆனால் நாம் கேட்க வேண்டிய முறையில் கேட்க வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குச் சட்டம் தரும் உதவி, வாய்தாமேல் வாய்தாவன்று. அதைவிட மேலான வழிகள் உண்டு.

சிவில் வழக்கில் ஒவ்வொரு நாளும் கட்சிக்காரர் நேரில் நிற்கவேண்டும் என்பதில்லை. வக்கீல் நின்றாலே போதும். நேரில் வரும்படி நீதிமன்றம் உத்தரவிட்ட நாளும், நாம் சாட்சி சொல்லவேண்டிய நாளுமே முக்கியமானவை. நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே வசிப்பவரைக் கமிஷனர் மூலம் விசாரிக்க 26ஆம் கட்டளை இடந்தருகிறது. காணொளி வாயிலாகச் சாட்சியம் பதிவுசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே கூறியிருக்கிறது. இப்போது அது பழக்கமும் ஆகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே மனுப்போட வேண்டும். விசாரணை நாளன்று காலையில் தொலைபேசியில் சொல்லிப் பயனில்லை.

ஊரில் உள்ள தம்பிக்கோ மைத்துனருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து வழக்கை நடத்தச் சொல்லலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நமக்கு மட்டுமே நேரில் தெரிந்த செய்திகளைப் பற்றி நமக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்கு நாள் தெரியவில்லை என்னும் சாக்கும் இப்போது செல்லாது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக அமைந்த சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அதனை வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொண்டால், இ-கோர்ட்ஸ் சேவையில் அடுத்த வாய்தா என்றைக்கு, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பதை வீட்டில் இருந்தபடியே காணலாம். மாதம் ஒருமுறை பார்த்தாலும் போதும்.

வராமற்போன பின்

இவ்வளவுக்கும் பிறகு தவறு நேர்ந்துவிட்டால், முப்பது என்னும் எண்ணை மறவாதீர்கள். ஒருதலைப்பட்சமான டிக்ரியை நீக்கக் கோரும் மனுவை டிக்ரி ஆன நாளிலிருந்து 30 நாட்களுக்குள் போடவேண்டும். சம்மன் முறைப்படி சேரவில்லையானால், டிக்ரியைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 30 நாள். செய்தித்தாளில் வெளியிட்ட அறிவிப்பு இக்கணக்குக்கு முறைப்படி சேர்ந்த சம்மன் ஆகாது. வாதி வராமல் வழக்குத் தள்ளுபடியானாலும் அதனை மீட்க அதே 30 நாள்தான். தாமதமானால், ஏன் தாமதம் என்பதை விளக்கித் தனியாக மனுப்போட வேண்டும். டிக்ரியின்மேல் அப்பீல் செய்யும் வழியும் உண்டு.

வராததற்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும்போது, எந்த நாளில் வராததற்காக எக்ஸ்பார்ட்டி உத்தரவு பிறந்ததோ அந்த நாளின் காரணத்தையே பார்க்கவேண்டும். அதற்குமுன் நடந்தவற்றையெல்லாம் தோண்டி எடுத்துக் கட்சிக்காரரைக் குற்றவாளி ஆக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே அந்த ஒருநாளின் சான்றுகளைக் காப்பாற்றி வையுங்கள். மருத்துவச் சான்று, ரயில் டிக்கெட்டு, விடுப்பு மறுத்த அலுவலக உத்தரவு, வக்கீலுக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவை வெறும் காகிதங்கள் அல்ல. நாம் அசட்டையாக இருக்கவில்லை என்பதற்குச் சாட்சிகள். வக்கீல் வைக்க வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பாராமலே அங்கே இலவச உதவி கிடைக்கும்.

வாய்தா என்னும் சொல் தமிழுக்கு வடக்கேயிருந்து வந்தது. நாம் வாழும் வடநாட்டுக் கடைவீதிகளில் இச்சொல்லுக்கு வாக்குறுதி என்று பொருள். கோர்ட்டுக்கு வந்த பிறகு நாம் அதனைத் தள்ளிப்போடுதல் என்று மட்டும் பொருள்படுத்திக்கொண்டோம். 'இன்றைக்கு இயலவில்லை, இன்ன நாளில் ஆயத்தமாக வருகிறேன்' என்று நாம் கொடுக்கும் வாக்கே வாய்தா என்று கொண்டால், நீதிமன்றங்கள் அதனை மறுப்பதன் நியாயமும் விளங்கும். மூன்று முறை வாக்குத் தவறியவரை நான்காம் முறை யார்தான் நம்புவார்?

நம் அன்பரின் டிரங்குப் பெட்டி இப்போது திறந்திருக்கிறது. ரசீதுகளும் கடிதங்களும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குச் சென்றுவிட்டன. தாமதத்தைப் பொறுத்து டிக்ரியை நீக்கும்படி அவர் போட்ட மனு நிலுவையில் இருக்கிறது. முடிவு எப்படியாகும் என்று சொல்வதற்கில்லை. இம்முறை விசாரணை நாளுக்கு ஒருவாரம் முன்னதாகவே அவர் ரயிலேறிவிட்டார். அலமாரியின் மேல்தட்டில் முத்திரையிட்ட உறை ஏதேனும் பிரிக்கப்படாமல் கிடக்கிறதா என்று நம் இல்லங்களிலும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.